கரிசல்ல நிக்கிற வீடு: வெடிப்பை அடைக்கிறதுக்கு முன்னாடி தண்ணியை அடைச்ச வேலை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை, இந்தச் சுத்துல எந்த வீட்டுக்குள்ள போனாலும் ஜன்னல் மூலையில இருந்து சாய்வா மேல ஏறுற ஒரு வெடிப்பு இருக்கும். அதுக்கு மேல சிமெண்ட் பூசின தடம் இருக்கும், அந்தத் தடத்துக்கு நடுவுல மறுபடி வெடிச்சிருக்கும். பெயிண்ட் அடிக்க வர்றவங்க பட்டி வச்சு மூடிட்டுப் போவாங்க, மறு சித்திரையில அதே இடத்துல திரும்ப வாய் திறக்கும். எங்க வீட்டுலயும் பல வருஷமா இதுதான் நடந்துச்சு. 2023 மே மாசம் மேற்குச் செவுத்துல ஜன்னலுக்கு மேல வெடிப்பு 6 மி.மீ வந்ததும், இனிமே பட்டி பார்க்கிற வேலை வேண்டாம், அடியில என்ன நடக்குதுன்னு பாத்துட்டுத்தான் செவுத்துல கை வைக்கணும்னு முடிவு பண்ணினேன். அதுல இருந்து 2025 கோடை வரைக்கும் செஞ்சதை எல்லாம் இங்க எழுதி வைக்கிறேன், கரிசல் மண்ணுல வீடு வச்சிருக்கிற யாருக்காச்சும் உதவும்.

முதல்ல வீட்டைப் பத்தி. 90கள்ல கட்டினது, கான்கிரீட் தூண் (காலம்), பீம் எதுவும் கிடையாது, ஒம்போது இஞ்ச் செங்கல் செவுருதான் மேல இருக்கிற தளத்தைத் தாங்குது. அஸ்திவாரம் கருங்கல் கட்டு. கன்னி மூலையில (தென்மேற்கு) படுக்கை அறை, வாயு மூலையில (வடமேற்கு) பாத்ரூம் கக்கூஸ், அதுக்குப் பின்னாடி செப்டிக் டேங்க். கன்னி மூலைக்கு ஏழடி தள்ளி ஒரு வேப்பமரம், வீடு கட்டி முடிச்சப்புறம் அப்பா வச்சது, இப்போ மொட்டைமாடியைத் தாண்டி நிக்குது. இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பாத்ரூம், மரம், மேற்கு வெயில். கதை முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு.

கரிசல் ஏன் இப்படிப் பண்ணுதுன்னா அதுல இருக்கிற களிமண் வகை அப்படி. மாண்ட்மோரில்லோனைட்னு சொல்லுவாங்க, மெல்லிசான அடுக்கு அடுக்கா இருக்கும், தண்ணி அந்த அடுக்குகளுக்கு நடுவுல நுழைஞ்சு அதைத் தள்ளி விரிக்கும், காஞ்சா திரும்ப ஒடுங்கும். ஐப்பசி கார்த்திகையில மண்ணு உப்பி வீட்டைத் தூக்கும், பங்குனி சித்திரையில சுருங்கிக் கீழ விடும். மொத்த வீட்டையும் ஒரே அளவுல தூக்கி ஒரே அளவுல இறக்கினா ஒரு செவுரும் வெடிக்காது. ஒரு மூலை ஈரமா இருந்து இன்னொரு மூலை காஞ்சு கிடக்கிறதுதான் பிரச்சனை. அதனால இந்த மண்ணுல அஸ்திவாரத்தைப் பராமரிக்கிறதுன்னா வருஷம் பூரா நாலு பக்கமும் ஈரம் ஒரே மாதிரி இருக்கிறபடி பாத்துக்கிறதுதான், கல்லையும் சிமெண்ட்டையும் பத்தி யோசிக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம். நான் இந்த வேலையில திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

சரி, முதல் வேலை அளக்கிறது. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஒண்ணு ஒண்ணு பிளக் வச்சு இறுக்கி, ரெண்டு ஸ்க்ரூ தலைக்கும் நடுவுல உள்ள தூரத்தை வெர்னியர் காலிபர்ல எடுத்து நோட்டுல எழுதினேன். ஜன்னலுக்கு மேல ஒரு ஜோடி, ஜன்னலுக்குக் கீழ ஒரு ஜோடி. சில பேர் கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பாங்க, அது ஒடைஞ்சா அசைஞ்சிருக்குன்னு தெரியும், ஆனா எவ்வளவு, எந்தப் பக்கம்னு தெரியாது, திரும்ப மூடிச்சான்னும் தெரியாது. ஸ்க்ரூதான் நல்லது. அளவு எடுக்கிறது எப்பவும் காலையில வெயில் செவுத்துல விழறதுக்கு முன்னாடி, ஏன்னா மேற்குச் செவுரு சாயங்காலம் சூடேறி விரிஞ்சா அளவு மாறும். வெடிப்போட ரெண்டு முனையிலயும் பென்சில்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதி வைங்க, நீளுதா இல்லையான்னு அதுல தெரிஞ்சுடும்.

மே மாசம் மேல 6 மி.மீ, கீழ 2 மி.மீ. மேல அகலம் கீழ குறுகல். இது ஒரு மூலை கீழ இறங்கினா வர்ற வெடிப்பு, செவுத்தோட நடுப்பகுதி இறங்கியிருந்தா கீழ அகலமா இருந்திருக்கும். பிரிட்டன்ல பில்டிங் ரிசர்ச் எஸ்டாப்ளிஷ்மெண்ட் போட்ட டைஜஸ்ட் 251ல ஒரு அளவுகோல் இருக்கு, 5 மி.மீ வரைக்கும் பார்வைக்குத்தான் அசிங்கம், 5ல இருந்து 15 வரைக்கும் கதவு ஜன்னல் இறுகும், மழைத்தண்ணி உள்ள வரலாம், 15க்கு மேல போனா செவுத்தோட பலத்தையே கவனிக்கணும். எங்களுது 6, அதாவது இப்பவே பார்க்கணும்கிற இடம். ஒண்ணை அழுத்திச் சொல்றேன், 15க்கு மேல இருந்தாலோ, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது செவுரு வெளிய சாஞ்சோ வயிறு தள்ளியோ தெரிஞ்சாலோ, காலம் பீம்ல வெடிப்பு இருந்தாலோ, நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. எங்களுக்கும் குழி தோண்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர் வந்து பாத்து, செவுரு நேரா நிக்குது, தாராளமா செய்யலாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் மண்வெட்டியைத் தொட்டேன்.

அடுத்தது டியூப் மட்டம். கொத்தனார் வச்சிருக்கிற அதே தண்ணி டியூப்தான், உள்ள காத்துக் குமிழி ஒண்ணு கூட இருக்கக்கூடாது, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு முனையையும் ஒரே இடத்துல சேத்துப் புடிச்சு மட்டம் ஒண்ணா நிக்குதான்னு பாத்துக்கணும். பேஸ்மட்டத்தோட (தரைக்கு மேல தெரியுற அடிக்கட்டு) மேல் விளிம்பை வீட்டைச் சுத்தி எடுத்துட்டு வந்தேன். வாயு மூலைக்கும் கன்னி மூலைக்கும் 22 மி.மீ வித்தியாசம், கன்னி மூலை தாழ்வு. கட்டும்போதே கொஞ்சம் மட்டம் தப்பியிருக்கலாம், அதனால 22ஐ அப்படியே இறக்கம்னு எடுத்துக்க முடியாது. ஆனா வெடிப்பு காட்டுற திசையும் மட்டம் காட்டுற திசையும் ஒண்ணா இருக்கும்போது சந்தேகப்பட ஒண்ணும் இல்ல.

மண்ணு உண்மையிலேயே எவ்வளவு வீங்கும்னு பார்க்க வீட்டுலயே ஒரு சோதனை செஞ்சேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இந்தியத் தரநிலை ஐஎஸ் 2720 பாகம் 40ல இருக்கிற முறைதான். அஸ்திவார ஆழத்துல இருந்து எடுத்த மண்ணை நல்லா காய வச்சு, பொடிச்சு, சலிச்சு, பத்து பத்து கிராமா ரெண்டு எடுத்து, 100 மி.லி அளவு ஜாடி ரெண்டுல ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய் ஊத்தி மண்ணைப் போட்டு கிளறி விட்டு ஒரு நாள் அப்படியே வைக்கணும். மண்ணெண்ணெய்ல இந்தக் களிமண் வீங்காது, தண்ணியில வீங்கும். ஆய்வகத்துல 425 மைக்ரான் சல்லடையில சலிப்பாங்க, நான் வீட்டுல இருந்த மெல்லிசான மாவு சல்லடையில சலிச்சேன், அதனால என் அளவு தோராயம்தான். மறுநாள் மண்ணெண்ணெய்ல 12 மி.லி, தண்ணியில 21 மி.லி. வித்தியாசம் 9, அதை 12ஆல வகுத்தா 75 சதவீதம். 50க்கு மேல போனாலே மிக அதிகமா வீங்கற மண்ணுன்னு ஐஎஸ் 1498 சொல்லுது. இந்த ஒரு சோதனைக்கு ஆகுற செலவு அளவு ஜாடிக்கு மட்டும்தான், புது மனை வாங்குறவங்க எல்லாரும் வாங்குறதுக்கு முன்னாடி செஞ்சு பார்க்கணும்னு நான் நினைக்கிறேன்.

இப்போ குழி. கன்னி மூலைக்குப் பக்கத்துல ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு குழி, வாயு மூலையில ஒண்ணு. ஜேசிபி வேண்டாம்னு சொல்லிட்டோம், கையாலதான். விதி என்னன்னா அஸ்திவாரத்தோட அடிமட்டத்துக்குக் கீழ ஒரு இஞ்ச் கூடப் போகக்கூடாது, ஒரே நேரத்துல ஒரு குழிதான், மழை நேரத்துல கிட்டயே போகக்கூடாது, பாத்து முடிச்சதும் அன்னைக்கே அழுத்தி மூடிடணும். கரிசல் சொல்லாம சரியும், ஆள் உள்ள இறங்கி நிக்கிற ஆழத்துக்கு முட்டு இல்லாம தோண்டவே கூடாது.

கன்னி மூலையில மேல மண்ணு பாளம் பாளமா வெடிச்சு, ஒரு வெடிப்புல கம்பியை விட்டா ரெண்டரை அடி உள்ள போச்சு. கருங்கல் கட்டு மூணரை அடி ஆழம், கீழ கொஞ்சம் மணல், அதுக்குக் கீழ நேரா கரிசல். கல்லை ஒட்டி வேப்ப வேர், விரல் தடிமன்ல, அஸ்திவாரத்துக்கு அடியில போகுது. மண்ணை உருட்டினா உருட்ட வரல, கட்டி கட்டியா ஒடையுது. வாயு மூலைக் குழியில இதுக்கு நேர் எதிர், மே மாசக் கடைசியில மண்ணை கையில எடுத்தா சப்பாத்தி மாவா உருளுது. பதினஞ்சு அடிக்குள்ள தண்ணி தெளிக்கிற ஆள் யாரும் இல்ல, செடி இல்ல, அப்புறம் எங்க இருந்து இவ்வளவு ஈரம்?

ரெண்டு சோதனை. ஒண்ணு, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு மாடி டேங்க்ல தண்ணி மட்டத்தைக் குறிச்சு வச்சேன், காலையில அப்படியே இருந்துச்சு, அதனால நல்லதண்ணி பைப் ஒழுகல. ரெண்டாவது, கக்கூஸ்ல சொட்டு நீலம் ஊத்தி ஒரு பக்கெட் தண்ணி விட்டோம். கொஞ்ச நேரத்துல குழியோட பக்கச் செவுத்துல நீலம் கசிஞ்சு வந்துச்சு. கக்கூஸ்ல இருந்து செப்டிக் டேங்க் போற பழைய பீங்கான் குழாய், இணைப்புல சிமெண்ட் வச்சுப் பூசினது. மண்ணு அசையும்போது அந்த சிமெண்ட் இணைப்பு வளைஞ்சு கொடுக்காது, வெடிக்கும். வெடிச்சா ஒழுகும், ஒழுகினா மண்ணு வீங்கும், வீங்கினா இன்னும் அசையும். எத்தனையோ வருஷமா தினமும் அந்த மூலைக்கு நாங்களே தண்ணி ஊட்டிக்கிட்டு இருந்திருக்கோம், இந்தப் பக்கம் மரமும் மேற்கு வெயிலும் உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு, நடுவுல ஜன்னல் மூலைதான் செவுத்துல பலம் குறைஞ்ச இடம், அங்க கிழிஞ்சிருக்கு.

குழாயை உடனே மாத்தியாச்சு. 110 மி.மீ பிவிசி, ரப்பர் ரிங் போட்ட இணைப்பு, அது கொஞ்சம் அசைவைத் தாங்கும். வாட்டம் மூணடிக்கு முக்கா இஞ்ச். குழாய்க்கு அடியிலயும் சுத்தியும் கிராவல் போட்டு அழுத்தினோம், கரிசலைத் திரும்பக் குழாய் மேல தள்ளக்கூடாது. பேஸ்மட்டத்துல குழாய் வெளிய வர்ற இடத்துல சிமெண்ட்டால இறுக்கிப் புடிக்காம சுத்தி அரை இஞ்ச் இடைவெளி விட்டு சீலண்ட் அடைச்சோம்.

அதுக்கு மேல உடனே ஒண்ணும் செய்யல. காரணம் இருக்கு. அடுத்த வேலை, மழைத்தண்ணி அஸ்திவாரத்துக்குள்ள இறங்காம இருக்க வீட்டைச் சுத்தி தரையில கான்கிரீட் தளம் போடுறது. அதை மண்ணு எலும்பா காஞ்சு கிடக்கிற மே மாசத்துல செஞ்சா அந்தக் காய்ச்சலையே உள்ள வச்சு மூடுறோம்னு அர்த்தம், அப்புறம் மெல்ல மெல்ல ஈரம் உள்ள ஏறி மொத்தமா வீங்கும். நல்ல மழை முடிஞ்சு சொத சொதன்னு இருக்கும்போது மூடினாலும் தப்பு, பின்னாடி காயும்போது இறங்கும். மழை முடிஞ்சு தை, மாசியில மண்ணு நடுத்தர ஈரத்துல இருக்கும், அதுதான் காலம். அதனால 2024 தைக்கு காத்திருந்தேன். நடுவுல 2023 டிசம்பர் 17, 18 மழை வந்துச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீக்கு மேல கொட்டின அந்த மழைதான், எங்க பக்கத்தையும் அது விட்டுவைக்கல. மழை விட்டு ஒரு வாரம் கழிச்சு அளந்தா வெடிப்பு 6ல இருந்து 2.5 மி.மீக்கு வந்திருந்துச்சு. ஒரு கோடைக்கும் ஒரு மழைக்கும் நடுவுல 3.5 மி.மீ ஆட்டம். சிமெண்ட் வச்சு அடைச்சு எது நிக்கும் சொல்லுங்க?

மழைத்தண்ணியையும் இங்கயே பேசிடணும். 1000 சதுர அடி மொட்டைமாடியில 5 செ.மீ மழை பெஞ்சா ஏறக்குறைய 4600 லிட்டர். எங்க வீட்டுல அது ரெண்டு பைப்ல இறங்கி பேஸ்மட்டத்து ஓரமாவே விழுந்துக்கிட்டு இருந்துச்சு. 2003ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்போ எங்க வீட்டையும் சேத்து நிறைய வீட்டுல செவுத்தை ஒட்டியே ஒரு குழி தோண்டி ஜல்லி போட்டு பைப்பை அதுல விட்டாங்க. மணல் பாங்கான ஊர்ல அதனால பெருசா கெடுதல் இல்ல. கரிசல்ல அஸ்திவாரத்துக்குப் பக்கத்துல உறிஞ்சு குழி வைக்கிறது வீட்டுக்குச் செய்ற கேடு, ஏன்னா அந்தத் தண்ணி சீக்கிரம் கீழ போகாது, பக்கவாட்டுல ஊறி அங்கயே நிக்கும். மழைநீரை சேமிக்க வேண்டாம்னு நான் சொல்லல, எங்க ஊர்ல ஒவ்வொரு சொட்டும் வேணும். குழியை வீட்டை விட்டு தள்ளி வைங்க, கிணறு இருந்தா வடிகட்டி வச்சு கிணத்துல விடுங்க. நாங்க ரெண்டு பைப்பையும் மூடின பைப் லைன்ல சேத்து, வீட்டுல இருந்து இருபதடி தள்ளி இருக்கிற பழைய கிணத்துக்குக் கொண்டு போயிட்டோம். பழைய குழியில இருந்த ஜல்லியை எல்லாம் அள்ளிட்டு கிராவல் போட்டு அழுத்தி மூடியாச்சு.

வேப்பமரத்துக்குத்தான் வீட்டுல பெரிய பேச்சு. கொத்தனார் அண்ணாச்சி வந்ததுமே, "தம்பி, மரத்தை எடுத்துருங்க, பாதி வியாதி போயிரும்"னாரு. அம்மாவுக்கு அது அப்பா வச்ச மரம், ஆடி மாசம் அதுக்கு மஞ்சள் துணி கட்டுவாங்க, வெட்டவே கூடாதுன்னுட்டாங்க. அம்மா சொன்னதுல மண்ணு சம்பந்தப்பட்ட நியாயமும் இருக்கு. பெரிய மரத்தை ஒரேயடியா எடுத்தா அது தினமும் உறிஞ்சிக்கிட்டு இருந்த தண்ணி மண்ணுலயே தங்கி, அந்த மூலை வருஷக் கணக்குல மெல்ல மேல எழும். வீட்டை விட வயசான மரமா இருந்தா இந்த ஆபத்து இன்னும் அதிகம். எங்களுது வீட்டுக்குப் பின்னாடி வந்த மரம், அதனால வெட்டினா பழைய நிலைக்கு வரும்னு ஒரு வாதம் இருக்கு, ஆனா வெட்டாம சமாளிக்க வழி இருக்கும்போது எனக்கும் மனசில்ல. ரெண்டு வேலை செஞ்சோம். கிளையைக் கவாத்து பண்ணி மூணுல ஒரு பங்கு குறைச்சோம், இலை குறைஞ்சா உறிஞ்சறது குறையும், இது வருஷா வருஷம் செய்யணும். அப்புறம் மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல, வீட்டுப் பக்கமா நெருங்கி, அஞ்சடி ஆழத்துக்கு குறுகலா ஒரு வாய்க்கால் வெட்டி வேர்த் தடுப்பு வச்சோம். ஒரே மூச்சுல முழு நீளமும் வெட்டாம பகுதி பகுதியா, ஒண்ணை மூடிட்டு அடுத்ததுன்னு போனோம். மரத்தடிக்கு ரொம்பப் பக்கத்துல பெரிய வேரை அறுத்தா ஆடிக் காத்துல மரமே வீட்டு மேல சாஞ்சுடும், அதைக் கவனிக்கணும்.

தடுப்புக்குப் போட்டது பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் கருப்பு ஷீட். கோவில்பட்டி பக்கம் விவசாயக் கடையில சுலபமாக் கிடைக்கும். இதே ஷீட்டைத்தான் வீட்டைச் சுத்தி தளத்தோட வெளி விளிம்புல மூணடி ஆழத்துக்கு செங்குத்தா இறக்கினோம். வெளிய இருக்கிற ஈரம் உள்ள போகாது, உள்ள இருக்கிற ஈரம் வெளிய வராது. தளத்தை விட இந்த ஷீட்தான் பெரிய வேலை பண்ணியிருக்குன்னு நான் நம்பறேன்.

தளம் எப்படிப் போட்டோம்னா, செவுத்துல இருந்து நாலடி அகலம், ஒண்ணரை அடி ஆழம் கரிசலை அள்ளிட்டோம். அந்த இடத்துல என்ன போடுறோம்கிறது முக்கியம். நிறைய பேர் மணலோ எம்-சாண்டோ கொட்டுவாங்க. மணல் தண்ணியை உள்ள விடும், கீழ கரிசல் விடாது, கடைசியில அஸ்திவாரத்தைச் சுத்தி ஒரு தண்ணித் தொட்டி கட்டின கதையாப் போயிடும். போட வேண்டியது கொஞ்சம் ஒட்டுந்தன்மை இருக்கிற, ஆனா வீங்காத செம்மண் கிராவல். ஐஐடி பம்பாயில ஆர்.கே. கட்டிங்கிற பேராசிரியர் இதைப் பத்தி பெரிய ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, வீங்கற மண்ணு மேல இப்படிப்பட்ட வீங்காத ஒட்டு மண்ணை அழுத்திப் போட்டா அடியில இருக்கிற வீக்கம் மேல வர்றது நல்லாக் குறையும்னு காட்டினவரு, கரிசல்ல போற கால்வாய்களுக்கு எல்லாம் அந்த முறையைப் பயன்படுத்தியிருக்காங்க. அவர் சொல்றது ஏறக்குறைய ஒரு மீட்டர் கனம், எங்களால வீட்டை ஒட்டி அவ்வளவு ஆழம் தோண்ட முடியாது, கிடைச்ச வரைக்கும் லாபம். கிராவல் லோடு வந்ததும் அதையும் அதே மண்ணெண்ணெய் சோதனை பண்ணிட்டுத்தான் இறக்கச் சொன்னேன், 10 சதவீதத்துக்குள்ள வந்துச்சு. ஆறு ஆறு இஞ்ச்சாப் பரப்பி, தண்ணி தெளிச்சு, திமிசுக் கட்டையால இடிச்சோம். மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், ஆனா வெடிச்சு நிக்கிற செவுத்துப் பக்கத்துல அந்த அதிர்வு வேண்டாம்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. சித்தாள் அக்கா ரெண்டு பேரும் அண்ணாச்சியும் அந்த வெயில்ல இடிச்ச இடிதான் இன்னைக்கு வரைக்கும் தளம் ஒரு இடத்துல கூட அமுங்காம நிக்கக் காரணம்.

அது மேல ஒண்ணரை ஜல்லி போட்டு 1:4:8ல (சிமெண்ட், மணல், ஜல்லி) மூணு இஞ்ச், அதுக்கு மேல முக்கா ஜல்லியில 1:2:4 ரெண்டு இஞ்ச், வாட்டம் நாலடிக்கு ரெண்டு இஞ்ச் வெளிய பாத்து. அஞ்சடிக்கு ஒரு இணைப்பு விட்டு தார் ஊத்தியாச்சு. செவுரும் தளமும் சேர்ற இடம்தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். அங்க கான்கிரீட்டை செவுத்தோட ஒட்டிப் போட்டா தளம் ஒரு பக்கம், செவுரு ஒரு பக்கம் அசைஞ்சு மெல்லிசா ஒரு வெடிப்பு விடும், மழைத்தண்ணி முழுக்க நேரா அஸ்திவாரத்துக்குள்ள இறங்கும், தளம் போட்டதே வீண். அதனால கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி செவுத்தை ஒட்டி அரை இஞ்ச் தெர்மாகோல் பட்டை வச்சு, கான்கிரீட் இறுகினதும் மேல ஒரு இஞ்ச் தெர்மாகோலைச் சுரண்டி எடுத்துட்டு, தூசி தட்டி, நல்லாக் காஞ்ச நிலையில பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் அடிச்சோம். ரப்பரா இருக்கும், இழுபடும், வெயில்ல சில வருஷத்துல போயிடும், அப்போ கீறி எடுத்துட்டு மறுபடி அடிக்கணும். வருஷா வருஷம் புரட்டாசியில கையால தடவிப் பாருங்க.

அப்புறம் 2024 முழுக்க அளவு மட்டும்தான். தளம் முடிஞ்ச மாசியில 3 மி.மீ. மே மாசம் 3.8. டிசம்பர்ல 3.1. முன்னாடி 3.5 மி.மீ ஆடின வெடிப்பு இப்போ ஒரு மி.மீ கூட ஆடல. அந்த நோட்டைப் பாத்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்க எழுதி முடியாது. இதுக்கு நடுவுல ஒரு ஏஜென்சிக்காரர் வந்து அஸ்திவாரத்துக்கு அடியில கெமிக்கல் ஏத்தணும்னு லட்சக்கணக்குல கணக்குச் சொன்னாரு, மண்ணைத் தொட்டுக் கூடப் பார்க்கல, வெடிப்பை மட்டும் போட்டோ எடுத்தாரு. அந்த முறையே தப்புன்னு சொல்ல நான் ஆள் இல்ல. ஒழுகுற குழாயைக் கண்டுபிடிக்காம எந்த மருந்தை ஏத்தினாலும் அது நிக்காதுன்னு மட்டும் உறுதியாச் சொல்லுவேன்.

செவுத்துல கை வச்சது 2025 பிப்ரவரியில. வெடிப்பு அகலமா இருக்கும்போது அடைச்சா மழையில மூடும்போது நசுங்கிப் பிதுங்கும், குறுகலா இருக்கும்போது அடைச்சா கோடையில பிரியும், நடு அளவுல அடைக்கணும். வெடிப்பு நெடுக நாலு செங்கல் வரிசைக்கு ஒரு தடவை, படுக்கை இணைப்புல கிரைண்டரால முக்கா இஞ்ச்ல இருந்து ஒரு இஞ்ச் ஆழத்துக்கு வரி வெட்டி, வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணரை ஒண்ணேமுக்கா அடி நீளம் வர்ற மாதிரி 6 மி.மீ ஸ்டெயின்லெஸ் கம்பி வச்சோம். சாதாரண முறுக்குக் கம்பி வேண்டாம், அது துருப்பிடிச்சு உப்பினா அதுவே புது வெடிப்பைக் கொண்டு வரும். வரியைத் தண்ணி விட்டுக் கழுவி, ஈரமா இருக்கும்போதே சுருங்காத கிரவுட்டை (இடுக்கை நிரப்புற சிமெண்ட் கலவை) பாதி அடைச்சு, கம்பியை அழுத்தி, மேல மறுபடி கிரவுட். ஒரு வரி வெட்டி அடைச்சு இறுகினதுக்கு அப்புறம்தான் அடுத்த வரி, எல்லாத்தையும் ஒண்ணா வெட்டிப் போட்டா செவுரு பலவீனமாயிடும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒயரிங் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து மெயினை ஆஃப் பண்ணிடுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், துணி கட்டினா பத்தாது, நல்ல மாஸ்க் வேணும்.

வெடிப்பை V மாதிரி விரிச்சு அதுக்குள்ள 1:1:6, சிமெண்ட் ஒண்ணு, சுண்ணாம்பு ஒண்ணு, மணல் ஆறு. அண்ணாச்சி 1:3 சிமெண்ட் கலவைதான் உறுதின்னு ரொம்ப நேரம் வாதாடினாரு. பழைய செங்கல் செவுத்துல அவ்வளவு கெட்டியான கலவையை வச்சா அது அசையாது, பக்கத்துல இருக்கிற செங்கல்தான் ஒடையும், சுண்ணாம்பு கலந்தது கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையில நின்னதை அவரே சின்ன வயசுல பாத்திருக்காரு, அதைச் சொன்னதும் "சரி தம்பி, உங்க இஷ்டப்படியே செய்வோம்"னு செஞ்சு கொடுத்தாரு. மேல ஃபைபர் மெஷ் வச்சுப் பூசினோம்.

புதுசா கரிசல்ல கட்டப் போறவங்களுக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்ல. ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சிபிஆர்ஐ) இதுக்குன்னே அண்டர் ரீம்டு பைல் முறையைக் கொண்டு வந்திருக்கு. மூணரை மீட்டர் ஆழத்துக்கு குழி போட்டு, அடியில குழியோட விட்டத்தை விட ரெண்டரை மடங்குக்கு குமிழா விரிச்சு கான்கிரீட் போடுறது, மேல பீம், பீமுக்கு அடியில மண்ணு வீங்க இடைவெளி. மழை வெயில் பாதிக்கிற ஆழத்துக்குக் கீழ குமிழ் போய் புடிச்சுக்கிறதால மேல மண்ணு ஆடினாலும் வீடு ஆடாது. ஐஎஸ் 2911 பாகம் 3ல எல்லா விவரமும் இருக்கு. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி கல்லுக்கட்டு கட்டுறதை விட பெரிய செலவு வித்தியாசம் வராத வீடுகளும் உண்டு, கட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினியர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க.

அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கமும் இந்த மாதிரி வீங்கற களிமண்தான், அங்க கோடையில வீட்டைச் சுத்தி சொட்டுக் குழாய் போட்டு மண்ணுக்குத் தண்ணி விடுவாங்க. எங்க ஊர்ல சித்திரையில குடிக்கிற தண்ணிக்கே லாரியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம், அது ஆகாது. ஆனா ஒண்ணு செய்யலாம், துணி துவைக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாத்தையும் ஒரே மூலையில விடாம இருக்கலாம். வாழைக்கும் முருங்கைக்கும் விடுறதுன்னா அதை வீட்டுல இருந்து பத்து பதினஞ்சு அடி தள்ளி வைங்க. செவுத்தோரமா பூந்தொட்டி வச்சா தட்டு வச்சு வைங்க, தரையில நட்டு தினமும் தண்ணி ஊத்தாதீங்க.

2025 மே கடைசியில எடுத்த அளவு: ஜன்னலுக்கு மேல பூச்சுல முடி கனத்துக்கு ஒரு கோடு, ஸ்க்ரூ ரெண்டுக்கும் நடுவுல 0.3 மி.மீ மாற்றம். கன்னி மூலை அறைக் கதவு இப்போ தள்ளாம சாத்துது. இன்னும் பாக்கி இருக்கிறது அடுப்படி பின்செவுரு, அங்கயும் ஜன்னலுக்குக் கீழ 1 மி.மீ இருக்கு, ஸ்க்ரூ வச்சாச்சு, ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும்னு விட்டிருக்கேன். கவாத்து வேலை ஆவணிக்குள்ள முடிக்கணும், சீலண்ட் வடக்குப் பக்கம் ஒரு இடத்துல விட்டிருக்கு, அதை மழைக்கு முன்னாடி மறுபடி அடிக்கணும்.